ஒரு ரீம் எத்தனை கிலோ?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பின் வரிசையிலிருந்து நழுவப் பார்க்கும் இன்றைய மாணவச் செல்வங்களே! நானும் பின் வரிசைக்காரன்தான். சீக்கிரம் முடித்து விடுகிறேன்.

அச்சகங்களுக்கு ஆன்லைனில் ஆர்டர் வாங்கவும், காகிதக் கையிருப்பைக் கவனிக்கவும் மென்பொருள் எழுதுவது என் தொழில். "இன்னுமா பிரஸ் எல்லாம் இருக்கு?" என்று கேட்கிறார்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள், தெரியும். 1761-ல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கிருந்து தூக்கி வந்த அச்சு இயந்திரம், வேப்பேரியில் பெப்ரீஷியஸ் பாதிரியார் கைக்குப் போனது. இந்த ஊரில் மைவாசனை அவ்வளவு பழசு!

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் புது எண் போட்ட பில் புத்தகம் ஒரே நேரத்தில் தேவைப்பட்டது. ராயபுரத்தில் ஓர் அச்சகம், பெயர் வேண்டாம், ஒரே காகிதக் கட்டை இரண்டு பேருக்கு ஒப்புக்கொண்டு விழித்தது. அங்கேதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆர்டர் பதிவானதும் அதற்கு வேண்டிய தாளைக் கணக்கில் ஒதுக்கி விடும். மிச்சம் இருப்பதைத்தான் அடுத்தவருக்குக் காட்டும். மிஷின் செட் ஆவதற்குள் வீணாகும் நூறு, இருநூறு தாளையும் சேர்த்தே ஒதுக்கச் செய்தேன். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்.

மூன்றாம் மாதம் 10 டன் ரீல் வந்தது. 70 ஜி.எஸ்.எம்., 58.5க்கு 91 சென்டிமீட்டராக வெட்ட வேண்டும். ஒரு தாளின் பரப்பை 70 கிராமால் பெருக்கி, 500 தாளுக்குக் கணக்கிட்டால் ரீமுக்கு 18 கிலோ 630 கிராம். ஆக 536 ரீம் வரவேண்டும் என்று என் கணினி சொன்னது. ஸ்டோரில் எண்ணினால் 510. திரையில் 26 ரீம் சிவப்பு எழுத்தில் மின்னியது. அந்தச் சிவப்பைப் பெருமையாக முதலாளிக்குக் காட்டியவனும் நானேதான்.

ஸ்டோர் அண்ணனுக்கு அங்கே 27 வருஷ சர்வீஸ். முதலாளி கத்தவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இரு, கூப்பிடறேன்" என்றார். அண்ணன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். வாசலில் என்னைப் பார்த்து, "தம்பி, ஒரு ரீமைத் தூக்கித் தராசுல வச்சுப் பாத்தியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. இன்ஜினியர் அல்லவா, பெருக்கினால் போதும் என்று இருந்துவிட்டேன்!

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் பத்துக் கட்டை எடைபோட்டேன். சராசரி 19 கிலோ 200. லேபிளில் 70 என்று இருந்தாலும் ஆலையிலிருந்து வரும் தாளில் இரண்டொரு கிராம் கூடக் குறைய இருக்கும். போதாததற்கு மழைக்காலம், கடலோர கோடவுன். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ரீலை எடைக்கு வாங்குகிறோம், தாளை எண்ணிச் செலவழிக்கிறோம். 19.2-ஆல் வகுத்தால் 520 ரீம்தான் வரும். பதினாறு அங்கேயே தீர்ந்தது. மிச்சம் பத்து? ரீலின் நடுக்குழாய், மேலுறை, கிரேனில் அடிபட்டுக் கிழிந்த வெளிச்சுற்று. அத்தனையும் பின்கட்டில் குவிந்து கிடந்தது, அண்ணன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி: "கழிவு 191 கிலோ". அந்தச் சீட்டைப் பதிய என் மென்பொருளில் இடமே வைக்கவில்லை.

முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லுமுன் நாக்கு வறண்டது, பில் பாக்கி வேறு இருந்தது. அவர் என்னைத் திட்டிவிட்டு போனை எடுத்தார்.

மறுநாள் காலை அண்ணன் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டதற்குப் பதிலே இல்லை. டீ வந்ததும் ஒரு கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வந்த எடை, குழாய் எடை, கிழிசல், பத்துக் கட்டின் சராசரி. நனைந்த கட்டுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்றார். அப்போது அது எனக்கு வேண்டாத வேலையாகத்தான் பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் கோடவுனில் புகுந்து, அடி அடுக்கு முழுவதும் ஊறிப் போனபோது, முதலில் நிரம்பிய கட்டம் அதுதான்.

அண்ணன் போன வருஷம் ஓய்வு பெற்றார். மாணவர்களில் யாருக்காவது இந்த வேலை பார்க்க வேண்டுமென்றால் டீ இடைவேளையில் என்னைப் பிடியுங்கள். ராயபுரத்துக்கு அழைத்துப் போகிறேன், தராசு இன்னும் அங்கே இருக்கிறது.