வானத்திலிருந்து பார்த்த மனை



வேங்கடம் என்றவுடன் நமக்கு மலையும் நினைவுக்கு வரும், எல்லையும் நினைவுக்கு வரும். தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் குறிப்பது அம்மலையைத்தான். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மீண்டது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு எங்கு விழுந்தால் என்ன? மலையடிவாரத்தில் ஒரு மனை வாங்கிச் சிறு வீடு கட்டி ஓய்வுக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்ற ஆசை தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழரிடையே குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆசையைத் தேடி இப்போது ஒரு விளம்பரம் வானத்திலிருந்து வருகிறது. டிரோன் என்னும் ஆளில்லாச் சிறு வானூர்தியைப் பறக்கவிட்டு எடுத்த படம், கைப்பேசியின் வழியே நம் உள்ளங்கைக்கே வந்துவிடுகிறது.

இப்படங்கள் அநேகமாக ஒரே வார்ப்பில் அமைந்தவை. முதலில் தரையை ஒட்டி ஒரு வளைவு வாயில். அதில் பொன்னிற எழுத்தில் மனைப்பிரிவின் பெயர். ஆந்திரத்தார் இதனை ‘வெஞ்சர்’ என்றே வழங்குகின்றனர். பிறகு கருவி மெல்ல மேலெழுகிறது. செம்மண் பரப்பில் கட்டங் கட்டமாக மனைகள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள், புதிதாக இட்ட கருஞ்சாலை, வரிசையாக நட்ட தென்னங்கன்றுகள். கடைசியில் கருவி திரும்ப, வானை மறைத்து நிற்கிறது சேஷாசலம். இசை அங்கே உச்சத்தை அடைகிறது. மலையடிவாரம் பத்தே நிமிடம் என்கிறது குரல். பார்ப்பவர் கை கூப்புவதா, காசோலை எழுதுவதா என்று அறியாமல் திகைக்கிறார்.

அந்தப் பத்து நிமிடத்தைச் சற்று ஆராய்வோம். 400 அடி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 120 மீட்டரில், நிற்கும் கருவிக்கு அடிவானம் சுமார் 39 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அதற்கப்பாலும் உயர்ந்த மலைகளின் முகடு தெரியும். ஆகவே மலை படத்தில் விழுந்தது என்பதற்காக அது பக்கத்தில் இருப்பதாகப் பொருளன்று. தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லையைப் பொருத்தினால், இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலை மனையின் கொல்லைப்புறத்தில் வந்து நிற்கும். அகன்ற கோணத்து வில்லையைப் பொருத்தினாலோ நான்கு சென்ட் மனை ஒரு விளையாட்டுத் திடல்போல் விரியும். இது புகைப்படக் கலையின் இயல்பு. பொய் என்று சொல்லிவிட முடியாது. படத்தின் மேல் ஒளிவிடும் மஞ்சள் கோடுகள் ஓடி மனையின் எல்லையைக் காட்டுமே, அவைதாம் கவனத்திற்குரியவை. அக்கோடுகளைப் பெரும்பாலும் இடுபவர் கணிப்பொறியின் முன் அமர்ந்த படத்தொகுப்பாளர். நில அளவையர் அல்லர்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வானிலிருந்து படமெடுக்கும் எண்ணமே நில அளவையோடு பிறந்ததுதான். நதார் என்ற பிரெஞ்சுக்காரர் 1858-இல் பலூனில் ஏறிப் பாரிசுக்கு அருகே முதல் வான்படத்தை எடுத்தபோது, இது நிலப்படம் வரையப் பயன்படும் என்றே கருதினார். ஆந்திர அரசு 2020 டிசம்பரில் தொடங்கிய நில மறு அளவையிலும் டிரோன்கள் பறந்தன. ஆனால் அளவை செய்யும் கருவி உழவு சால்போல நேர்நேராகச் செல்லும். அதன் கண் செங்குத்தாகக் கீழே நோக்கும். தரையில் குறித்த புள்ளிகளோடு ஒவ்வொரு படமும் ஒத்துப் பார்க்கப்படும். விளம்பரக் கருவியோ வட்டமிடும், சாய்ந்து பார்க்கும், அழகில்லாத இடம் வந்தால் திரும்பிக்கொள்ளும். கருவி ஒன்றே, தொழில் இரண்டு.

படம் காட்டாத பொருள்களில் தலையாயது தண்ணீர். சித்தூர்ச் சீமை ஏரிகளின் சீமை. வற்றாத பேராறு அங்கே இல்லை. மழைநீரை ஏரிகளிலும் குட்டைகளிலும் தேக்கியே பயிர் செய்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும். வேனிற்காலத்தில் இந்தக் கால்வாய்கள் வெறும் மணற்கோடுகள். ஏரிப்படுகையோ சமமான, மரமற்ற, மனை பிரிக்கத் தக்க வெளி. பங்குனி மாதத்து நீல வானத்தின்கீழ் எடுத்த படத்தில் அது மிக அழகாகவே தோன்றும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி கரைபுரண்டது. திருப்பதி நகரின் தெருக்கள் ஓடைகளாயின. இராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள இராயலசெருவு என்னும் பேரேரியின் கரையில் கசிவு காண, கீழேயுள்ள ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்று கிராமத்து முதியோர் சொல்வது வெறும் பழங்கதையன்று.

அந்த வழியை அறிய வேண்டுமானால் வருவாய்த்துறைப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். அது தெலுங்கில் இருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதில் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். படத்திற்கு மொழி வேண்டியதில்லை. எம்மொழியினரும் பார்த்து மயங்கலாம். மயக்கந் தெளிவிக்கும் ஏட்டிற்கோ மொழி வேண்டும். எம் அலுவலகத்து நண்பர் ஒருவர், ஓய்வூதியத் தொகையின் பெரும்பகுதியை இட எண்ணிய மனைக்குரிய தாள்களைக் கொண்டுவந்தார். படத்தை அவர் பலமுறை பார்த்திருந்தார். தாளை ஒருமுறையும் படித்ததில்லை. பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். சர்வே எண் ஒன்றின் எதிரே ‘வாகு போரம்போகு’ என்றிருந்தது. வாகு என்றால் ஓடை. போரம்போகு நம் புறம்போக்கே. தென்னங்கன்றுகள் நட்டிருந்த அந்த அகன்ற சாலை, ஏட்டின்படி ஓர் ஓடை!

ஆகவே சில சொற்களை அறிந்துகொள்வது நலம். செருவு என்பது ஏரி. குண்ட்ட என்பது குட்டை. வங்க்க என்பது நீரோடை. மெட்ட என்பது மேட்டுப் புன்செய். பள்ளமும் அடங்கலும் நமக்குத் தெரிந்த சொற்களே. டி.கே.டி. என்ற எழுத்துகள் தென்பட்டால் நின்று கவனிக்க வேண்டும். அது நிலமற்ற ஏழைக்கு அரசு ஒப்படைத்த நிலத்தைக் குறிக்கும். இத்தகைய நிலம் கைமாறுவதை 1977-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் தடுத்தது. 2023-இல் வந்த தளர்வும் நிபந்தனைக்கு உட்பட்டதே. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் விற்பனை தடுக்கப்பட்ட நிலங்களின் பட்டியலும் உண்டு. அதில் அந்தச் சர்வே எண் இருக்கிறதா என்று பார்ப்பது, வில்லங்கச் சான்று வாங்குவதற்கும் முந்திய வேலை.

சட்டம் இந்தப் பறக்கும் படத்தை எவ்வாறு நோக்குகிறது? ‘ரெரா’ எனச் சுருக்கி வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில், விளம்பரம் என்னுஞ் சொல் எவ்வகை ஊடகத்தில் வந்ததையும் தழுவும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. விளம்பரத்தில் பதிவெண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருத்தல் வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புற்றவர் ஈடு கோரலாம். விலகிக்கொள்ள விரும்பினால் செலுத்திய முழுத் தொகையையும் வட்டியோடு திரும்பப் பெறலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கேட்பதற்கும் தடை உண்டு. எனவே வந்த படத்தை அழித்துவிடாமல், வந்த நாளோடு பத்திரப்படுத்தி வைப்பது ஒரு சாட்சியை வளர்ப்பது போலாகும்.

பறப்பதற்கும் விதி உண்டு. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, வணிகத்திற்காக 250 கிராமுக்கு மேற்பட்ட கருவியை இயக்குவோருக்குத் தகுதிச் சான்று வேண்டும். இரேணிகுண்டாவில் விமான நிலையம் இருப்பதால் அதனைச் சுற்றிலும் கட்டுப்பாடு உண்டு. அதன் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு மேலெழ முன் அனுமதி பெற வேண்டும். திருமலையில் டிரோனுக்கே இடமில்லை. 2023 ஜனவரியில் கோயிலை வானிலிருந்து காட்டிய படமொன்று பரவியபோது எழுந்த கொந்தளிப்பை நேயர்கள் அறிந்திருக்கலாம். விளம்பரப் படத்தில் ஆனந்த நிலயத்தின் விமானம் மேலிருந்து தெரியுமானால், படத்தை அனுப்பியவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. நாம் கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடியை எண்ணுவோம். அங்கே பேச்சு சதுர கஜத்தில் நடக்கும். ஒரு கஜம் 9 சதுர அடி. அங்கணம் என்றும் ஓர் அளவு உண்டு. ஓரிடத்தில் 36 சதுர அடி, மற்றோரிடத்தில் 72 என்று வழங்கக் காண்கிறோம். பத்திரத்தில் சதுர மீட்டரும் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

படமே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆயிரம் மைல் தொலைவில் இருப்பவருக்கு அது ஒரு வசதிதான். ஆனால் நமக்கு வேண்டிய படத்தை நாமே கேட்டுப் பெறலாம். நேர் கீழே நோக்கி எடுத்த படம். எடுத்த நாள் குறித்த படம். நான்கு புறமும் ஒரு கிலோமீட்டர் வரை, அழகில்லாத பக்கத்தையும் விடாமல் காட்டும் படம். ஐப்பசி கார்த்திகையில் மழைவிட்ட மறுநாள் எடுத்த படம். நம் நண்பர் இந்த நான்கையும் கேட்டு எழுதியிருக்கிறார். விற்பவர் இரண்டை அனுப்பியிருக்கிறார். கார்த்திகைப் படத்திற்கு மழை வரட்டும் என்கிறார். நண்பரும் காசோலையைப் பூட்டி வைத்துவிட்டு, மழைக்குக் காத்திருக்கிறார்.