பள்ளம் மூடும் அப்பா

 

பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தைப் புத்திர சோகம் என்று சொல்கிறோம். அதைவிடப் பெரிய துக்கம் இல்லை என்பார்கள் பெரியவர்கள். அந்தத் துக்கத்தில் விழுந்த ஒரு தகப்பனாரைப் பற்றி இன்று பேசுவோம். இது கட்டுக்கதை இல்லை. உண்மையாக நடந்தது.

அவர் பெயர் தாதாராவ் பில்ஹோரே. ஊர் மும்பை. காய்கறி வியாபாரி. நம்மைப் போல உழைத்துப் பிழைப்பவர். அவருடைய மகன் பெயர் பிரகாஷ். வயது 16.

2015ஆம் ஆண்டு ஜூலை மாதம். மும்பையில் மழைக்காலம். பிரகாஷ் ஓர் உறவுக்காரப் பையனுடன் மோட்டார் சைக்கிளில் போனான். பின்னால் உட்கார்ந்திருந்தான். சாலையில் ஒரு பள்ளம். பள்ளம் நிறைய மழைத் தண்ணீர். அது எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும்? வண்டி பள்ளத்தில் இறங்கியது. பிரகாஷ் தூக்கி எறியப்பட்டான். தலையில் பலத்த அடி. அவன் பிழைக்கவில்லை.

பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நினைத்துப் பாருங்கள்.

இப்படி ஓர் இடி விழுந்தால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் தலைவிதி என்று மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் குடிக்குப் போய்விடுகிறார்கள். சிலர் மனைவி மேலும் மற்றப் பிள்ளைகள் மேலும் எரிந்து விழுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை.

தாதாராவ் என்ன செய்தார்? மண்வெட்டியைக் கையில் எடுத்தார். கட்டடம் கட்டும் இடங்களில் கிடக்கும் மணலையும் ஜல்லியையும் சேர்த்தார். சாலையில் பள்ளம் தெரிந்த இடத்தில் கொட்டினார். நிரவினார். தட்டிக் கெட்டிப்படுத்தினார். ஒரு பள்ளத்தோடு அவர் நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டுக்குள் சுமார் 600 பள்ளங்களை மூடிவிட்டார். காய்கறி வியாபாரமும் நடந்தது. இந்த வேலையும் நடந்தது.

இவரைப் பார்த்து மற்றவர்களும் கை கொடுத்தார்கள். மக்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். "பாட்ஹோல் தாதா" என்று. பாட்ஹோல் என்றால் சாலைப் பள்ளம். மராத்தி மொழியில் தாதா என்றால் அண்ணன்.

சாலைப் பள்ளம் சின்ன விஷயமா? இல்லை. தார் ரோட்டில் முதலில் சின்ன விரிசல் விழுகிறது. அதன் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அடியில் உள்ள மண் இளகுகிறது. மேலே லாரி ஓடுகிறது. தார் பெயர்ந்து பள்ளமாகிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இப்படிப்பட்ட பள்ளங்களால் நம் நாட்டில் 3,597 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசு கொடுத்த கணக்கு. அத்தனை பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே?

இவ்வளவு செய்தும் பிரகாஷ் திரும்பி வந்தானா? வரவில்லை. அப்பாவின் துக்கம் தீர்ந்ததா? அது தீரக்கூடியதா? மூடிய பள்ளம்கூட அடுத்த மழையில் மறுபடி வாய் திறக்கிறது. மறுபடியும் மூட வேண்டியிருக்கிறது. துக்கமும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று மாறியது. அந்தத் துக்கம் வரும் முன் அவர் தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா. இன்று அந்தச் சாலையில் போகும் முகம் தெரியாத பிள்ளைகளுக்கும் அவர் அப்பாவாக நிற்கிறார்.

துன்பம் நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிள்ளையை இழந்தவரிடம் போய், "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல வேண்டாம். அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல. பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வாய் காப்பித் தண்ணீர் கொடுங்கள். அவர் அழட்டும். பிறகு ஒரு நாள் அவரே எழுந்து ஒரு வேலையில் கை வைப்பார். அன்று கூட நில்லுங்கள்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும். அது சட்டம். சாலையைச் செப்பனிடுவது பஞ்சாயத்து, நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றின் கடமை. தாதாராவ் செய்தார் என்பதற்காக அவர்களை விட்டுவிடக் கூடாது.

உங்கள் தெருவில் பள்ளம் இருக்கிறதா? இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு மனு எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த இடம், எத்தனை நாளாக என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள்.

ஒரு பிள்ளை போன பிறகு விழித்துக்கொண்டார் ஓர் அப்பா. நாம் அதற்கு முன்பே விழித்துக்கொள்ளலாம் அல்லவா?