குருத்தைக் காக்கும் இறுங்கு

    

இன்று ஒரு தானியப் பயிரைக் குறித்து உங்களுடன் சிந்திக்க விழைகின்றேன். நமது மாத்தளை மாவட்டத்தின் வடபால் கலேவெல, தம்புள்ளை என விரியும் உலர் நிலத்தில் குரக்கனும் சோளமும் பயிராகின்றன. அங்கு இறுங்கு என்னும் தானியத்தையும் மூத்தோர் அறிவர். தமிழகத்தார் சோளம் என அழைப்பது இவ்விறுங்கையே. நாம் சோளம் என்பதை அவர்கள் மக்காச்சோளம் என்பர்.

2018ஆம் ஆண்டு நம் நாட்டில் சேனா படைப்புழு கண்டறியப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தப் பெரும்போகத்தில் சோளச் செய்கையாளர் கலங்கினர். அந்நாட்களில் நான் கண்ட ஒரு காட்சி இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் முகக்கவசமோ கையுறையோ இன்றி, முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து தெளித்துக் கொண்டிருந்தான். காற்று அவன் முகத்துக்கே நஞ்சைத் திருப்பியது. தந்தையோ வரம்பில் நின்று, “இன்னும் அடி மகன்!” என்றார். பயிரைக் காக்கப் பிள்ளையைப் பணயம் வைக்கின்றோமா என்று என் உள்ளம் கேட்டது.

சகோதரர்களே! படைத்தவன் பயிரைப் பாதுகாப்பின்றி விட்டுவிடவில்லை. இறுங்கின் முதற் பகைவன் குருத்து ஈ. முளைத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரையிலான இளம்பயிரின் இலையடியில் அது முட்டையிடும். வெளிவரும் புழு பனி ஈரத்தில் ஊர்ந்து குருத்தினுள் இறங்கி, வளரும் நுனியை அறுக்கும். நடுக்குருத்து வாடி மடியும்.

இதனை எதிர்க்கும் இறுங்கு இனங்களைப் பாருங்கள். இலையின் அடியில் நுண்ணிய மயிர்கள். அவை ஈ முட்டையிடுவதற்குத் தடை. இலையோ குறுகி, நிமிர்ந்து, பளபளப்புடன் இருக்கும். குருத்தில் ஈரம் குறைவு. ஆதலால் புழு ஊர்ந்திறங்க இயலாது திணறும். நாற்று விரைந்து வளர்ந்து, ஆபத்தான பருவத்தைக் கடந்துவிடும். குருத்து மடிந்தாலும் பக்கக் கிளைகளை விட்டு மீண்டும் எழும் இனங்களும் உண்டு. ஐதராபாத்துக்கு அருகே பட்டன்சேருவில் 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிலையம் இத்தகைய இனங்களைத் தேடி ஆராய்ந்தது. அதன் களஞ்சியத்தில் 35,000க்கும் மேற்பட்ட இறுங்கு விதை மாதிரிகள் பேணப்படுகின்றன.

இன்னுமோர் அற்புதம் கேளுங்கள். இளம் இறுங்கின் கலங்களில் துரின் என்னும் பொருள் ஓர் அறையில் உண்டு. அதனை உடைக்கும் நொதியம் வேறோர் அறையில் உண்டு. பூச்சி கடித்து இலை நசுங்கும்போதே இரண்டும் கலந்து சயனைட்டு நஞ்சு பிறக்கும். அதுவரை இரண்டும் அமைதியாகவே இருக்கும். இளம் நாற்றில் இது மிகுதி. முதிர முதிரக் குறையும். நாம் உண்ணும் முற்றிய தானியம் தீங்கற்றது. ஆனால் இளம்பயிரையும், வறட்சியில் வாடிய பயிரையும், வெட்டிய பின் துளிர்த்த தளிரையும் மாட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிரிழப்பு நேரலாம்.

சிந்தியுங்கள்! பயிர் தன் நஞ்சைக் கடித்த வாய்க்கே கொடுக்கின்றது. நாமோ கடித்ததற்கும் கடியாததற்கும் சேர்த்துத் தெளிக்கின்றோம். புழுவைக் கொல்லும் குளவியும் மடிகின்றது, தேனீயும் மடிகின்றது, தெளிப்பவனின் மூச்சிலும் நஞ்சு புகுகின்றது. அருள்மறையில் தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு என்பதை நாம் மறக்கலாமா?

இறுங்கின் காவல் முற்றுமுழுதானது என்று நான் கூறவில்லை. படைப்புழு இறுங்கையும் உண்ணும். சில தண்டு துளைப்பான்களை அதன் நஞ்சு தடுப்பதில்லை. காலம் பிந்தி விதைத்தால், முந்திய வயல்களில் பெருகிய குருத்து ஈ பிந்திய வயலில் வந்து குவியும். எனவே அயலவர் கூடி, மழை தொடங்கியதும் ஒரே காலத்தில் விதையுங்கள். தாங்குதிறன் உள்ள விதையைக் கேட்டு வாங்குங்கள். வாரம் இருமுறையேனும் வயலில் இறங்கிக் குருத்தைப் பாருங்கள். மருந்து தவிர்க்க முடியாததெனில், விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி, உரிய அளவில், கவசம் அணிந்த பெரியவரே தெளிக்கட்டும். அத்தாங்கியைப் பிள்ளையின் முதுகில் ஏற்றாதீர்கள்.

பெற்றோர்களே! இறுங்கின் காவல் மிகுந்திருப்பது அதன் இளம்பருவத்தில். நமது இளங்குருத்துகள் நம் பிள்ளைகள். அவர்களுடைய உடலும் ஒழுக்கமும் காக்கப்பட வேண்டிய காலமும் அதுவே; குருத்து வாடிய பின் கவலைப்படுவதால் பயனில்லை.

வாலிபர்களே! உங்கள் உடல் உங்களிடம் தரப்பட்ட அமானிதம். தந்தை சொன்னாலும், “வாப்பா, கவசமின்றி வேண்டாம்” என்று பணிவுடன் கூறுங்கள். அது கீழ்ப்படியாமை ஆகாது.

விளைவிப்பவர் உண்பவர் அனைவருக்கும் நலம் பயக்கும் விளைச்சலை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.