செம்பும் பிளாட்டினமும் மருந்தாகும்போது



விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: செம்பு ஆக்சைடு கலந்த கிளேஸ் பூச்சு, சூளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால் பச்சையாகும், காற்றைக் குறைத்து எரித்தால் சிவப்பாகும். செம்பு ஒன்றுதான், அதன் நிலைதான் வேறு.

புற்றுநோய்க்கான உலோக மருந்துகளிலும், உலோகத்தைச் சுற்றி எது எப்படி அமர்ந்திருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாக்கள் வளரும் கரைசலுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். அவை பிளவுபடாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். 1965-ல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. பாக்டீரியாக்களின் பிளவைத் தடுத்த சிஸ்பிளாட்டின், 1845-லேயே மிக்கேலே பெய்ரோனே என்பவர் தயாரித்திருந்த சேர்மம்தான்! செல் பிளவைத் தடுக்கும் அது, 1978-ல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. பரவிவிட்டால் பிழைப்பது அரிது என்றிருந்த விரைப் புற்றுநோயில், இன்று பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

சிஸ்பிளாட்டினின் நடுவில் ஒரு பிளாட்டினம். ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறுபக்கம் இரண்டு குளோரின். இரத்தத்தில் குளோரைடு அதிகம் என்பதால் அங்கே குளோரின் ஒட்டியே இருக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு, குளோரின் கழன்றுவிடும். காலியான இடத்தில் டி.என்.ஏ.வைப் பிளாட்டினம் பற்றிக்கொண்டு வளைத்துவிடும். வளைந்த டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாமல் செல் மடியும். அதே குளோரின்கள் எதிரெதிரே இருந்துவிட்டால், அந்தச் சேர்மத்தால் புற்றுநோய்க்கு எதிராகப் பயனில்லை.

பிளாட்டினத்தைத் தவிர வேறு உலோகங்களையும் சோதிக்கிறார்கள். நம் திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம். பழனியாண்டவர், எம். ஏ. அக்பர்ஷா உள்ளிட்டோர் செம்புச் சேர்மங்களைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களின் மீது சோதித்திருக்கிறார்கள். அரிய வேலை. ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் செல் மடிவதும் நோயாளி குணமாவதும் ஒன்றல்ல. நாமி-ஏ என்ற ருத்தீனியச் சேர்மம் மனிதர்களிடம் சோதிக்கப்படும் அளவுக்கு வந்தும் மருந்தாகவில்லை. 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்ற செய்தியைப் படித்தால், எதில் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். அதை நம்பி, நடந்துவரும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

சிஸ்பிளாட்டின் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சிறுநீரகத்தைக் காக்க ஊசியோடு நிறைய சலைன் ஏற்றுவார்கள். காதையும் அது தாக்கும். உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்து எடுத்துக்கொண்டிருந்து, காது இரைகிறது என்றோ சரியாகக் கேட்கவில்லை என்றோ சொன்னால், அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.