காலை ஆறு மணி அளவு

நான் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். பொதுப்பணித் துறையில் 34 ஆண்டுகள் அணை, கால்வாய் என்று தண்ணீரோடு வேலை பார்த்தவன். இந்தக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ‘அன்றாட வாழ்வில் சுய ஒழுக்கம்’ பற்றிப் பேசச் சொன்னார்கள். தண்ணீரை வைத்துத்தான் எனக்கு எதையும் சொல்லத் தெரியும்.

நம் ஊரில் நாளிதழைப் பிரித்ததும் கண் போவது முல்லைப்பெரியாறு நீர்மட்டத்துக்குத்தான். கம்பத்து டீக்கடையில் “இன்னைக்கு எம்புட்டு?” என்று கேட்டால், “எது?” என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 104 அடிக்குக் கீழே போனால், நம் பக்கம் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. 142 அடி, 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த உயரம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. ஜூன் 1-ஆம் தேதி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்களா, 14,707 ஏக்கருக்கும் நாற்றுப் பாவலாமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். சிறிதோ பெரிதோ, நான் வேலை பார்த்த எந்த அணையிலும் அந்த எண் தானாக வந்ததில்லை. யாரோ ஒருவர் விடியற்காலையில் அளவுகோல் வரை நடந்துபோய்ப் பார்த்து எழுதினார்.

அப்படி எழுதிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு சின்ன அணை, பெயர் வேண்டாம். அங்கே லஸ்கர் ஒருவர், அதாவது மதகைக் கவனிக்கும் கடைநிலை ஊழியர், இருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது; எட்டாம் வகுப்பு வரை படித்தவர். காலை ஆறு மணிக்கு மதகுப் பக்கம் போய் அளவுகோலைப் பார்ப்பார். எட்டரைக்கு மழைமானியைப் பார்ப்பார். இரண்டையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஓர் ஐப்பசியில், மகள் கல்யாணத்துக்காக நான்கு நாள் விடுப்பில் போனார். அந்த வேலையை நான் பார்ப்பதாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் விடிய விடிய மழை. ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. மழைமானி குடியிருப்பு வாசலிலேயே இருந்ததால் எட்டரைக்கு அதை மட்டும் பார்த்தேன். நான்கு செ.மீ. மழை. நீர்மட்டத்துக்கு முந்தைய நாள் அளவோடு ஓர் அங்குலத்தைக் கூட்டி, நேரில் பார்த்ததுபோல எழுதிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் இரண்டு அடி ஏறியிருந்தது. அதையும் எழுதினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வந்து பதிவேட்டை விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், நாலு சென்டிமீட்டர் மழ பெஞ்சிருக்கு. அன்னைக்குத் தண்ணி ஒரு இஞ்சிதான் ஏறுச்சுன்னு எழுதிருக்கீக. மறுநா மழையே இல்ல, ரெண்டு அடி ஏறிருக்கு. நம்ம ஓடை ரெண்டு மணி நேரத்துல வந்து சேந்துருமே சார். எந்த நாள் பொய்?”

குரலில் கோபம் இல்லை. கணக்கு இடிக்கிறதே என்ற கவலைதான் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அலமாரியிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்துச் சில பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். ஓரிடத்தில் ‘காய்ச்சல். பார்க்கவில்லை.’ இன்னோரிடத்தில் ‘அண்ணன் இறப்பு. பார்க்கவில்லை.’ 17 ஆண்டுகளில் இப்படி நான்கு இடங்கள். “இந்த நாலு இருக்குறதாலதான் சார், மத்த நாளையெல்லாம் நம்புறாக” என்றார்.

என் வரியை அடித்துவிட்டு, ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலதிகாரிக்கும் தெரிவித்தேன். மெமோ வந்தது, வர வேண்டியதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். அந்தக் காலைப்பொழுதில் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? ஒழுக்கம் என்றதும் நம் பிள்ளைகள் ஒரு நாள்கூடத் தவறாமல் இருப்பதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நாளை முதல் நாலரைக்கு எழுவேன், ஓடுவேன், போனைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுக்கிறார்கள். பத்தாம் நாள் தவறுகிறது. பதினோராம் நாள் மொத்தத்தையும் கைவிட்டுவிடுகிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. எங்கள் லஸ்கருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. விட்டுப்போன நாளால் பதிவேடு கெடுவதில்லை. விட்டதை மறைத்து எழுதினால், உண்மையாகப் பார்த்து எழுதிய நாள்களும் சேர்ந்து கெடுகின்றன.

முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கைச் சொல்லாமல் தேனியில் ஒரு பொறியாளன் பேச்சை முடிக்க முடியாது. ஜனவரி 15, அவர் பிறந்த நாள். பாலார்பட்டியில் அன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறோம். சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். நான் படித்த ஆவணங்களில் அதற்குச் சான்று இல்லை; அவர் பெருமைக்கு அது தேவையும் இல்லை. 1887-இல் தொடங்கிய வேலை 1895 அக்டோபர் 10-ஆம் தேதி அணை திறக்கப்படும்வரை எப்படி நடந்தது என்று பாருங்கள். மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும். வெள்ளம் வந்து செய்ததை அடித்துக்கொண்டு போகும். காட்டுக் காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் மறுபடி போய் அதே இடத்தில் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்து கட்டினார்கள். ஏ.டி. மெக்கன்சி 1899-இல் எழுதிய திட்ட வரலாறு, வெள்ளம் கொண்டுபோனதையும் மறைக்காமல் சொல்கிறது. அதனால்தான் கட்டி முடித்ததைப் பற்றி அது சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன்.

இங்கே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களைப் பார்க்கிறேன். உங்களில் சிலர் இருட்டோடு எழுந்து, சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கி ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். உங்களுக்கு ஒழுக்கம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. மாணவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். உங்கள் அம்மாவை எழுப்ப ஜீப் ஹார்ன் இருந்தது. ஏறாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. உங்களை எழுப்ப இதுவரை கல்லூரி மணி இருந்தது. நான் மதுரையில் படித்தபோது எனக்குப் போடி மீட்டர்கேஜ் ரயில் இருந்தது. அதைப் பிடிப்பதற்காகவே எழுந்தேன். பாதிப் பாடத்தை அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் படித்தேன். நாளையிலிருந்து உங்களுக்கு மணி இல்லை, ஹார்ன் இல்லை. தேர்வுக்குப் படிப்பவருக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் நாள், முழுக்கத் திறந்த மதகு மாதிரி ஓடும். கையில் இருக்கும் போன் அதை இன்னும் அகலமாகத் திறந்துவிடும்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். இன்று ஊர் திரும்பும்போது ஒரு நோட்டு வாங்குங்கள். பத்து சபதம் வேண்டாம். ஒரே ஒரு வேலையை, தினமும் அதே நேரத்தில் செய்யுங்கள். அரை மணி நேரப் படிப்பாக இருக்கலாம், அன்றைய செலவுக் கணக்காக இருக்கலாம், நடையாக இருக்கலாம். செய்தால் எவ்வளவு என்று எழுதுங்கள். செய்யாத நாளில் ‘செய்யவில்லை’ என்று தேதி போட்டு எழுதுங்கள். நம் பள்ளத்தாக்கில் ஒரு போகம் நெல் விளைய ஏறத்தாழ 120 நாள். அதுவரை நிறுத்தாதீர்கள்.

பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் நோட்டில் ‘செய்யவில்லை’ என்ற வரி கண்ணில் பட்டால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை ஓர் அங்குலத்தைக் கூட்டி எழுதிவிடுவார்கள்.