ஸ்டார் கட்டும் முன் காற்றைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் மூன்றாம் மாடி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸ் ஏற்பாடுகளைப் பற்றிச் சில நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டார். கேக் செய்முறை சொல்வேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதுவும் உண்டு. முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்த நாள். பண்டிகைக்கு 13 நாள்தான் இருந்தது. அதற்கு முந்தைய வாரமே பால்கனிக்கு வெளியே மூங்கில் கட்டி, கம்பிச் சட்டம் போட்ட பெரிய ஸ்டாரைத் தொங்கவிட்டிருந்தேன். புயல் எச்சரிக்கை வந்ததும் என் கணவர், "அவிழ்த்து உள்ளே வை" என்றார். "திரும்பக் கட்டுவது யார்?" என்று நான் விட்டுவிட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் அது மூங்கிலோடு பிய்ந்து கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் வாட்ச்மேன் அண்ணனின் நாற்காலி இருந்தது. நாற்காலி உடைந்தது. அவர் ஒரு நிமிடம் முன்புதான் மோட்டாரை நிறுத்த எழுந்து போயிருந்தார்.

இன்றுவரை ஸ்டாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.

நம் ஊரில் டிசம்பர் என்றால் பண்டிகை மட்டுமல்ல, மழையும்தான். 2015-ல் வெள்ளம், 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம், மூன்றுமே டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களில் வந்தவை. அதில் தடைபட்ட வேலையெல்லாம் கடைசி நேரத்தில் வந்து குவிகிறது. அவசரத்தில்தான் தவறு நடக்கிறது. ஆகவே சில யோசனைகள்.

ஸ்டாரை கிரில்லுக்கு உள்பக்கமே கட்டுங்கள். வெளியே தெரியும், கீழே விழாது. சீரியல் விளக்கின் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சாரல் படாத இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

திரைச்சீலை, படுக்கை விரிப்புகளைக் கடைசி வாரத்தில் துவைக்காதீர்கள். மழையில் காயாது, நாற்றம்தான் மிஞ்சும்.

கரண்ட் தேவைப்படும் வேலைகளை முதலில் முடியுங்கள். பழங்கள் ஊறிய கேக் சில நாள் முன்பே செய்தாலும் கெடாது, ருசி கூடும். கரண்ட் போய்விட்டால் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, சூடானதும் அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, கேக் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் விடுங்கள். நன்றாகவே வரும். கல்கல், முறுக்கு இரண்டும் ஈரக்காற்றில் நமத்துவிடும். முழுதாக ஆறியபின் இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

மழை வலுத்தால் லிப்டில் ஏறாதீர்கள், படியில் இறங்குங்கள். சம்ப் மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருவராவது பார்த்துவிடுங்கள். தெருவில் தேங்கிய நீர் அதில் கலந்துவிட்டால் பண்டிகைச் சமையல் அத்தனையும் நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. 24-ம் தேதி இரவு எங்களில் பலர் ஆராதனைக்குப் போய்விடுவோம். வீட்டில் வயதான அம்மாக்கள், ஐயாக்கள் தனியே இருப்பார்கள். அன்று கரண்ட் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி, "டார்ச் இருக்கா, தண்ணீர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீங்கள் ஊருக்குப் போகும்போது நாங்கள் கேட்கிறோம்.

இந்த ஆண்டு என் ஸ்டார் ஹாலில், ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் தொங்குகிறது. பார்க்க வாருங்கள். கல்கல் டப்பா நிறைய இருக்கும். வாட்ச்மேன் அண்ணனுக்கு முதல் தட்டு.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.