கோபுர உச்சியும் மனித அச்சமும்

(குடமுழுக்கு விழாவையொட்டித் திருப்பணிக்கு உதவிய அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



தாம்பரத்தைச் சுற்றியுள்ள இப்பகுதி குன்றும் கோயிலும் கலந்து விளங்கும் நன்னிலமாகும். திருநீர்மலையிலும் குன்றத்தூரிலும் குன்றின்மீது ஏறி இறைவனைத் தொழுகின்றோம். திருசூலத்தில் மலைகள் சூழ்ந்த அடிவாரத்தில் நின்று தொழுகின்றோம். குன்றில்லாத ஊர்களில் கோபுரமே குன்றாக நின்று நம்மை அழைக்கின்றது. சன்னிதி வரை நடக்க இயலாத முதியவரும் நோயுற்றவரும் தெருவில் நின்றபடியே கோபுரத்தைக் கண்டு கைகூப்பினால் போதும் என்று நம் பெரியோர் வகுத்த கருணையை என்னென்பது!

அக்கோபுரத்தை நாம் அனைவரும் கீழிருந்து காண்கின்றோம். அதன் உச்சியிலிருந்து ஊரைக் காண்பவர் மிகச் சிலரே. சாரம் கட்டுவோர், சுதை வேலை செய்வோர், வண்ணம் தீட்டுவோர், இவர்களை நடத்திச் செல்லும் ஸ்தபதியார் ஆகியோரே அவர்கள். நாளை மறுநாள் கலசத்தில் புனிதநீர் சொரிவதற்குச் சிவாசாரியார்கள் ஏறப்போகும் வழியும் அவர்கள் கட்டிய சாரமே. அத்தனை உயரத்தில் அவர்கள் அச்சத்தை எங்ஙனம் வெல்கின்றனர் என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

உயரத்தைக் கண்டு அஞ்சுவது கோழைத்தனம் என்று பலர் நினைக்கின்றனர். அது பிழை. 1960-ஆம் ஆண்டில் கிப்சன், வாக் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். பள்ளம்போல் தோன்றும் இடத்தின்மேல் உறுதியான கண்ணாடியைப் பரப்பி, தவழும் குழந்தைகளை அதன் விளிம்பில் விட்டனர். எதிர்ப்புறம் நின்று தாய் அழைத்தும் பெரும்பாலான குழந்தைகள் பள்ளத்தின் பக்கம் செல்ல மறுத்துவிட்டன. ஆகவே இவ்வச்சம் இறைவன் நம் உடலோடு வைத்த காவல் என்று கொள்வதே பொருந்தும்.

தலை சுற்றுவதற்கும் காரணம் உண்டு. நாம் நிலையாக நிற்பதற்குக் கண்ணும், உட்செவியும், பாதங்களின் உணர்வும் ஒன்றுகூடித் துணைசெய்கின்றன. தரையில் நிற்கும்போது அருகிலுள்ள சுவரையும் மரத்தையும் கண்டு, உடலின் சிறு ஆட்டத்தையும் கண் உடனே உணர்ந்து திருத்திவிடுகின்றது. உயரத்திலோ அருகில் பற்றிக்கொள்ளத்தக்க பொருள் ஒன்றும் கண்ணுக்கு அகப்படுவதில்லை, ஆட்டம் மிகுகின்றது, மனம் கலங்குகின்றது. மேகங்கள் ஓடும் நாளில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால், கோபுரமே நம்மீது சாய்வதுபோல் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தரையில் நிற்கும் நமக்கே இந்நிலை என்றால் மேலே நிற்பவர் நிலை என்ன?

ஆகவே அவர்கள் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் எளியவை. ஓடும் மேகத்தையும் ஆழ்ந்த தரையையும் நோக்காமல், கைக்கெட்டும் தூரத்திலுள்ள சுதையை நோக்குவது ஒன்று. இரு கைகள், இரு கால்கள் என்னும் நான்கில் மூன்று எப்பொழுதும் சாரத்தைப் பற்றியிருக்குமாறு ஏறுவது மற்றொன்று. புதிதாக வந்தவரை முதல் நிலையில் சில நாள் பழக்கி, கை நடுக்கம் தணிந்த பின்னரே அடுத்த நிலைக்கு அழைத்துச் செல்வது மூன்றாவது. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக அணுகி, அங்கே அமைதியுற நின்று, பின்னர் மேற்செல்வதே அச்சம் தணியும் வழி என்று இன்றைய மனநல மருத்துவமும் கூறுகின்றது.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. 1010-ஆம் ஆண்டில் இராசராசப் பெருவேந்தர் அதன் உச்சிக்குச் செப்புக்குடம் அளித்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து நெடுந்தூரம் சாய்தளம் அமைத்து உச்சிக் கல்லை ஏற்றினர் என்பது செவிவழிச் செய்தி. திருவரங்கத்தில் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாது நின்ற இராசகோபுரம், அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் அவர்களின் பெருமுயற்சியால் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு எழுந்து, 1987-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. எத்துணைப் பெரிய உயரமும் நிலை நிலையாக ஏறப்பட்டதேயாகும்.

அச்சம் தணிய வேண்டும். ஆனால் முற்றிலும் அழிந்துவிடலாகாது. பழகியவருக்கு வரும் ஆபத்து நடுக்கத்தால் வருவதைவிட அலட்சியத்தால் வருவதே மிகுதி. அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருப்பது அறிவின்மை என்பதைத் திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் நமக்கு உணர்த்துகின்றதன்றோ? ‘இத்தனை நாள் ஏறினேன், இன்று கயிறு எதற்கு?’ என்று ஒருவர் கேட்கும் நாளே அவருக்குப் பொல்லாத நாள்.

இதற்கு நம் பகுதியோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் இங்கே அருகிலுள்ள பரங்கிமலையை ஒரு முனையாகக் கொண்டு, ஏழரை மைல் நீளமுள்ள கோட்டை அளந்து, இந்திய நாட்டின் பெரிய நிலவளவையைத் தொடங்கினார். கோணங்களை அளக்க அவர் கொண்டுசென்ற கருவி அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சை விமானத்தின்மீது அதனை ஏற்றியபோது கயிறு ஒன்று அறுந்து, கருவி சுவரில் மோதிப் பழுதுற்றது. அரும்பாடுபட்டு அவர் அதனைச் சீர்செய்தார். பித்தளைக் கருவியைச் சீர்செய்யலாம். தவறி விழுந்த மனிதனைச் சீர்செய்ய யாரால் இயலும்?

‘இறைவன் பணி செய்பவரை இறைவனே காப்பான், கச்சையும் வலையும் எதற்கு?’ என்று சில அன்பர்கள் வினவுவர். திருவண்ணாமலையில் வல்லாள மகாராசன் கோபுரத்திலிருந்து வீழ்ந்த அருணகிரிநாதரை முருகப்பெருமான் தன் கரங்களால் தாங்கினான் என்பது நாம் போற்றும் வரலாறு. அவருக்கு அருள் அவ்வடிவில் வந்தது. நம் தொழிலாளருக்கு அதே அருள் முறுக்கேறிய கயிறாகவும், விரித்த வலையாகவும், தோளையும் இடுப்பையும் தொடையையும் பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டாகவும் வருகின்றது. அதனை வேண்டாவென்று தள்ளுவது, நீட்டிய திருக்கரத்தைத் தள்ளுவதாகும்.

திருப்பணிச் செல்வர்களே! உங்கள்பால் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கலசத்திற்கு உபயதாரர் உண்டு; பஞ்சவர்ணத்திற்கு உண்டு; கதவுக்கும் விளக்குக்கும் உண்டு. அவர்கள் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன. வேலை முடிந்ததும் பிரித்தெடுக்கப்படும் சாரத்திற்கு உபயதாரர் யார்? நிலைத்து நிற்காத பொருளாதலின் அதில் சிக்கனம் செய்யத் துணிகின்றோம். உளுத்த சவுக்குக் கம்பும் நைந்த கயிறும் அங்கேதான் நுழைகின்றன. இனிவரும் திருப்பணிகளில் சாரம், வலை, பெல்ட்டு, தொழிலாளர் காப்புறுதி ஆகியவற்றைத் தனி உபயமாக ஏற்க யாரேனும் முன்வருவீர்களாக. கட்டுமானத் தொழிலாளரின் பாதுகாப்புக்கும் நலத்துக்கும் 1996-ஆம் ஆண்டில் நடுவண் அரசு தனிச்சட்டமே இயற்றியது. சட்டம் கேட்பதற்கு முன்னரே தருமம் அதனைச் செய்தல் வேண்டும்.

பணிக்குழுவினர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. மழை பெய்து ஓய்ந்ததும் முடிச்சுகளைச் சோதித்த பின்னரே ஆளை ஏற்றுங்கள். காற்று மிகுந்தால் வேலையை நிறுத்துங்கள். வலிப்பும் தலைச்சுற்றலும் உடையவரை மேலே அனுப்பாதீர்கள். பெல்ட்டில் தொங்குபவரை நெடுநேரம் தொங்கவிடுவது உயிருக்கே கேடு. சில நிமிடங்களில் அவரை இறக்கும் ஏற்பாடு முன்கூட்டியே இருத்தல் வேண்டும். அஞ்சுகிறேன் என்று சொல்லும் தொழிலாளரை ஏளனம் செய்யாது, அன்று தரை வேலையில் அமர்த்துங்கள்.

குடமுழுக்கு நாளில் கலசத்தருகே நிற்க வேண்டுமென்ற ஆவல் அனைவர்க்கும் இயல்பே. எனினும், சாரம் தாங்குமென ஸ்தபதியார் கூறும் அளவுக்கு மேல் ஒருவரும் ஏறலாகாது. கீழே நின்று தலையில் ஏற்கும் ஒரு துளி நீருக்கும் பயன் குறைவதில்லை.

அன்று கலசத்தை நோக்கிக் கைகூப்பும்போது, அங்கே அதனை நிறுத்தி, பத்திரமாக இறங்கி, மாலையில் தம் மக்களிடம் வீடு திரும்பிய கைகளையும் நினைந்து வணங்குவோமாக. எல்லாம் வல்ல இறைவன் மேலே நிற்பவரையும் கீழே நிற்பவரையும் ஒருங்கே காத்தருள்வானாக!